நாலாயிரத்துக்கு மேல் இழுக்கும் கார்

அரங்கசாமி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். மனைவி கைக்கு இனி வீட்டுக் கார் ஓடக்கூடாது.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. ரேஸ் கார்களின் இஞ்சினைப் பிரித்து மேய்ந்து கோயமுத்தூரில் பேர் வாங்கியவர். பட்டறையைத் தன்னிடம் தொழில் கற்ற ரசாக்கிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் பேச ஆளில்லை என்பது தெரிந்தது. மனைவி வெங்கடலட்சுமியோ கிணத்துக்கடவுத் தோப்பைப் பார்க்கத் தினமும் தானே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவருக்கு அவள் சோறு போட்டு வைத்த ஹாட்பாக்ஸும் டிவியும்தான் துணை. ‘நீங்களே ஓட்டுங்க’ என்று அவள் ஒருநாள் சொல்ல மாட்டாளா என்று ஏங்கிப் போனார்.

அவள் ஈரோட்டுக் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போன சமயம் பார்த்து, காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய் இஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை எடுத்துவிட்டு ரேஸ் கேம்ஷாஃப்டைப் போட்டார். அதைப் போட்டால் இஞ்சினின் பலமெல்லாம் அதிவேகச் சுற்றுக்கு ஏறிவிடும். நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு, அதாவது நாலாயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவை செத்துவிடும். அதற்கு ஏற்றபடி, இஞ்சின் எப்போதும் வேகமாகச் சுற்றும் கியர் ரேஷியோவுக்கான பல்சக்கரங்களை மாட்டுவதுதான் முறை. அரங்கசாமி வேண்டுமென்றே தலைகீழாகச் செய்தார். இஞ்சின் நிதானமாகச் சுற்றும் ரேஷியோவை மாட்டினார். அவர் கிளட்சை வைத்து வித்தை காட்டினால் நகரும். வேறு யார் தொட்டாலும் நின்றுவிடும்.

“இது பாவமுங்கண்ணா,” என்றார் ரசாக்.

“நீ வாயைத் தொறக்காதே கண்ணு.”

கல்யாணத்திலிருந்து திரும்பி, மறுநாள் வழக்கம்போலத் தோப்புக்குக் காரை எடுத்துப்போன வெங்கடலட்சுமி, சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“வண்டி மேம்பாலத்துல நின்னு போச்சுங்க. ரசாக் பட்டறையில உட்டுப்போட்டு வந்தேன்.”

அரங்கசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அது என் கைக்குத்தான் கேக்கும் அம்மணி. இனிமே நானே கூட்டிட்டுப் போறேன்.”

“அப்படிங்களா?” என்றாள்.

வண்டி தயாராகும் நாளன்று அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். வழியில் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டார். நிறையவே சேர்ந்திருந்தது. வண்டியை எடுத்து வரக் கிளம்பி கேட்டைத் திறந்தபோது, தெருவே அதிரக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் அவருடைய மனைவி.

“எப்படி ஓடுச்சு?” என்றார்.

“உங்க கேம்ஷாஃப்டை அப்படியே உட்டுப்போட்டு, ரேஷியோவை மட்டும் மாத்தச் சொன்னேனுங்க. இப்ப எந்த கியர்ல போனாலும் நாலாயிரத்துக்குக் கீழ எறங்கறதில்ல. வரும்போது ரெண்டு பஸ்ஸை முந்திப்போட்டேன்.”

“ரசாக் சொன்னானா?”

“அவரு வாயே தொறக்கலைங்க. வண்டி சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சுங்க. கல்யாணமானதுல இருந்து சோத்துத் தட்டு முன்னால இஞ்சினைத் தவிர வேற என்ன பேசியிருக்கீங்க நீங்க?”

சுவரோடு பேசியதாகத்தான் அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அவள் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள்.

“ஏனுங்க, கூட வரோணும்னா வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அதுக்கு இஞ்சினையா பிரிக்கோணும்? ஏறுங்க.”

ஓடிப்போய் முன்கதவைத் திறந்தார். அங்கே பக்கத்துத் தோப்புக்காரி மாசாணியம்மாள், மடியில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

“பின்னால உக்காருங்க,” என்றாள் வெங்கடலட்சுமி. “அந்தப் புண்ணாக்கு மூட்டையைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு.”

தள்ளி உட்கார்ந்தார். பொள்ளாச்சி ரோட்டில் ஏறியதும், சேர்த்து வைத்திருந்த பேச்சை ஆசை ஆசையாக ஆரம்பித்தார். ஐயாயிரம் ஆர்பிஎம்மில் அவருடைய கேம்ஷாஃப்ட் போட்ட கூச்சலில் ஒரு வார்த்தைகூட முன்சீட்டுக்குக் கேட்கவில்லை.