திருப்புளியார் கைவைத்த ஹெலிகாப்டர்

ஹெலிகாப்டர் பறக்கவில்லை என்றால்கூடத் திருப்புளியார் அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார். அது தரையை விட்டு எழும்பாமல், நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!” என்று தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்து அவர் மனைவி கத்தினாள்.

“நிறுத்தத்தாம்மா பாக்கறேன். ரிமோட்டைத் திருப்பிப் பிடிச்சிருக்கேன்.”

ஒரு வழியாக விசை அடங்கி விசிறி நின்றபோது, தைப்பதற்காக வெட்டி அடுக்கியிருந்த துணிகளெல்லாம் முன்னறை முழுக்கப் பரவிக் கிடந்தன. ஒன்று மின்விசிறியில் தொங்கியது.

“இது யார் கை, இது யார் காலர்னு இனிமே நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? பதினெட்டுப் பிள்ளைங்க யூனிஃபார்ம்ங்க!”

“எல்லாம் ஒரே வெள்ளைத் துணிதானே? யார் கை யாருக்கு இருந்தா என்ன?”

மனைவி அவரைப் பார்த்த பார்வையில், அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்வது நல்லது என்று அவருக்குப் பட்டது. குனிந்து துணி பொறுக்க ஆரம்பித்தார்.

அவர் தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஸ்க்ரூ கழற்றும் திருப்புளி ஒன்று இருக்கும். எதையும் பிரித்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. அதனால் ஆபீசில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. அதை அவர் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஆபீஸ் கடிகாரத்தை அவர்தான் சரிசெய்தார். அன்று முதல் பதினொன்றரைக்கே மதிய சாப்பாட்டு மணி அடித்தது. குளிர்நீர் மெஷினையும் அவர்தான் பார்த்தார். இப்போது அதில் டீ போடலாம். அவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே டைப்பிஸ்ட் அம்மாள் தன் மேசை விசிறியை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். எவ்வளவு பொறுப்பான பெண்மணி என்று அவர் நினைத்துக்கொள்வார்.

ஹெலிகாப்டர் வந்தது வியாழக்கிழமை. மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு, மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே ரிமோட்டில் பறக்கும் பேட்டரி ஹெலிகாப்டர், முழங்கை நீளத்துக்கு.

“வெயில்ல நாலு நிமிஷம் அருமையாப் பறக்குது. அப்புறம் அதுவாவே சக்தி குறைஞ்சு, மெதுவா இறங்கி உக்காந்துடுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க கிளப்ல போட்டி. கடையில குடுக்கலாம்னா, வெளிய எதுக்கு, உங்க ஆபீஸ்லயே நல்ல ஆள் இருக்காரேன்னு வீட்ல சொன்னாங்க. உங்களால முடியுமா?”

திருப்புளியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனாலும் அவர் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

“முடியும் சார். அப்புறம் அந்த மாற்றல் விஷயம்...”

“முதல்ல இது பறக்கட்டும். அதைத் திங்கட்கிழமை பேசுவோம்” என்றார் மேனேஜர், வெயிலில் கறுத்துப்போன மூக்கில் களிம்பு தடவியபடி.

மாற்றல் விஷயம் இதுதான்: ஒரு பகல் முழுக்க ரயிலில் போனால் வரும் ஒரு கிளைக்கு அவரைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். அவருக்கு எங்கே போனாலும் பிரிப்பதற்கு ஏதாவது கிடைக்கும். மனைவிக்கு அப்படியில்லை. எட்டு மாதத்துக்கு முன்புதான் முன்னறையில் தையல் கடை திறந்திருந்தாள். தெருத்தெருவாய்ப் போய் வேலை கேட்டு, கடைசியில் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தின் யூனிஃபார்ம் ஆர்டரை வாங்கியிருந்தாள். வாசலில் தொங்கும் போர்டைத் தன் கையாலேயே கழற்ற வேண்டி வருமோ என்பதே அவர் கவலை. ஆக, ஹெலிகாப்டர் பறந்தால் போர்டு தங்கும். அவர் கணக்கு அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். பிரித்துப் பார்த்த ஐந்தாவது நிமிஷம் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். “சூடு” என்றார் மனைவியிடம். “உள்ள காத்தே போகல. எல்லாத்தையும் நெருக்கி அடைச்சு வெச்சிருக்கான்.”

காற்று போவதற்காக ஒவ்வொன்றையும் இடம் மாற்றினார். அதில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. ஜைரோ என்று பெயர். வால் எந்தப் பக்கம் விலகினாலும் உணர்ந்து, நேராக்குவது அதன் வேலை. அதைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் வழி விசாலமாக இருந்தது. ஒட்டினார். தலைகீழாக இருந்த ஜைரோவுக்கு இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரிந்தது. வால் கொஞ்சம் விலகினால், அதை நேராக்குவதாக நினைத்து இன்னும் தள்ளிவிட்டது. யூனிஃபார்ம் துணிகள் அறை முழுக்கப் பறந்தது இப்படித்தான்.

“முதல்ல இருந்த மாதிரியே வெச்சுடுங்களேன்” என்றாள் மனைவி.

“அதைத்தான் பண்ணப் போறேன்.”

ஜைரோவை நேராகத் திருப்பினார். ஆனால் அதன் அடியில் இருந்த பழைய ஸ்பாஞ்ச் டேப் பிய்ந்துபோயிருந்தது. மனைவியின் பெட்டியிலிருந்து இருபக்கமும் ஒட்டும் டேப் ஒன்றை எடுத்து ஒட்டி, எல்லாவற்றையும் மூடினார். மூன்று ஸ்க்ரூ மிச்சம் இருந்தது.

“இது என்னங்க?”

“எடை குறைஞ்சா சூடும் குறையும்” என்று சொல்லி அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் மொட்டைமாடிக்குக் கிளம்பினார்.

“காலையில பண்ணக் கூடாதா? தரையில கால் வைக்க முடியல.”

“வெயில்ல வர்ற நோயை வெயில்லதான் பாக்கணும். காய்ச்சல் இருக்கும்போதுதானே டாக்டர்கிட்ட போறோம்?”

ஹெலிகாப்டர் எழும்பியது. இடுப்பு உயரம், தலை உயரம். அப்படியே அசையாமல் நின்றது. திருப்புளியாருக்குக் கண்கள் கலங்கிவிட்டன. மனைவிகூட முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, “பரவாயில்லையே!” என்றாள்.

அந்த வார்த்தை அவளிடமிருந்து வந்து பல வருஷம் ஆகியிருந்ததால், அவர் திரும்பி அவளைப் பார்த்தார். டேப் என்னவோ நல்ல டேப்தான், துணியில் ஒட்டுவதற்கு. வெயில் சூட்டில் அதன் பசை இளகி, ஜைரோ மெதுவாக நழுவி ஓரமாய்ச் சாய்ந்தது. உடனே ஹெலிகாப்டர் வாலைச் சுழற்றிக்கொண்டு கொடிக்கயிற்றை நோக்கிப் போனது. காய்ந்துகொண்டிருந்த போர்வையை அணைத்துக்கொண்டு அதோடு கீழே விழுந்தது. வால் குழாய் கொக்கி போல வளைந்துவிட்டது.

“பரவாயில்லைன்னு நான் சொல்லியிருக்கக் கூடாதுங்க” என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்திருந்தது. கோபமாக இருந்திருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் பேட்டரியையும், காலுக்கு நடுவில் ஹெலிகாப்டரையும் வைத்துக்கொண்டு, ரிமோட் பொம்மைகள் விற்கும் கடைக்குப் போனார். கடைக்காரர் புது வால் குழாயும், தேய்ந்திருந்த பல்சக்கரத்துக்குப் பதிலாகப் புதிதொன்றும் எடுத்து வைத்தார். அப்புறம் நிதானமாகக் கேட்டார்.

“முதல்ல என்ன கோளாறுன்னு வந்துச்சு சார்?”

திருப்புளியார் சொன்னார்.

“நாலு நிமிஷத்துல மெதுவா இறங்கிடுச்சா? அது கோளாறே இல்ல சார். மோட்டாருக்குக் கரன்ட் அளந்து விடுற கன்ட்ரோலர் இருக்கு பாருங்க, அது ரொம்பச் சூடானா தன்னைத்தானே காப்பாத்திக்கும். காலையில ஆறு மணிக்குப் பறக்கவிடச் சொல்லுங்க, போதும்.”

அவ்வளவு சுலபமாக இருந்தால் கம்பெனியிலேயே பொறுக்கி எடுத்துத் தன்னிடம் எதற்குக் கொடுப்பார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டார் திருப்புளியார்.

“இன்னொண்ணு சார். இந்தப் பல்சக்கரம் பிளாஸ்டிக். வெயில்ல உப்பும். பல்லும் பல்லும் ஒட்டி இருக்கக் கூடாது. மாட்டும்போது நடுவுல ஒரு காகிதத்தை வெச்சு ஸ்க்ரூவை முறுக்குங்க. அந்த இடைவெளி போதும்.”

“காகிதம். சரி” என்றார் திருப்புளியார்.

வெளியே வந்து சீட்டைத் தூக்கினார். ஒரு மணி நேர வெயிலில் உள்ளே இருந்த பேட்டரி தலையணை மாதிரி வீங்கியிருந்தது. கடைக்காரர் பதறி ஓடிவந்து அதை வாங்கி, மணல் வாளிக்குள் வைத்துவிட்டு, வாளியைத் தெருவோரம் கொண்டுபோனார்.

“தீப்பிடிச்சிருந்தா சீட்டோட சேந்து நீங்களும் பறந்திருப்பீங்க சார்!”

அதே அளவு பேட்டரி கடையில் இல்லை. ஒரு செல் கூடுதலாக உள்ளதுதான் இருந்தது. வேண்டாம், திங்கட்கிழமை வரை பொறுங்கள் என்றார் கடைக்காரர். பலம் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அதையே வாங்கிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் எல்லாம் தயார். ஜைரோ நேராக இருந்தது. வால் புதிது. பல்சக்கரங்களுக்கு நடுவில் மனைவியின் அளவு நோட்டிலிருந்து கிழித்த காகிதம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அதை வைத்து முறுக்கச் சொன்ன கடைக்காரர், முறுக்கியபின் உருவி எடுக்கவும் வேண்டும் என்று சொல்லவில்லை. தெரிந்த விஷயம்தானே என்று நினைத்திருப்பார்.

“பத்து மணிக்கு மேனேஜரோட டிரைவர் வருவாரு” என்றார். “அதுக்குள்ள ஒரு தடவை பறக்க விட்டுப் பாத்துடறேன்.”

“நான் கீழயே இருக்கேன். நான் பாத்தா விழுது” என்றாள் மனைவி.

விசையைத் தள்ளியதும் ஹெலிகாப்டர் விருட்டென்று கிளம்பியது. கூடுதல் செல்லின் பலம் அப்படி. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, எதிர்வீட்டு ஆன்டெனாவைத் தாண்டி ஏறியது. ஏறும்போதே காகிதத்தைக் கடித்து மென்று துப்பியது. முதலில் பொடிப்பொடியாக வந்தது, பிறகு ஒரு உருண்டை வந்து சக்கரத்தில் சிக்கியது. மோட்டார் சுற்ற முடியாமல் முக்கியது. கன்ட்ரோலரிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள அதற்கு இந்தத் தடவை நேரம் கிடைக்கவில்லை.

தெருவில் விழுந்த சத்தத்துக்கு மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

திருப்புளியாரும் மனைவியும் இறங்கிப் போய்த் துண்டுகளைப் பொறுக்கினார்கள். அவள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தாள். விசிறி இரண்டாய், வால் மூன்றாய், மீதியெல்லாம் எண்ணிக்கைக்குள் வராமல் பையில் போய்ச் சேர்ந்தன.

வீட்டுக்குள் வந்ததும் அவள் யூனிஃபார்ம்களை மடித்து அடுக்க ஆரம்பித்தாள்.

“முடிஞ்ச வரைக்கும் தெச்சுக் குடுத்துடறேன். மீதித் துணியைப் பள்ளிக்கூடத்துல திருப்பிக் குடுத்துடலாம். எப்பங்க கிளம்பணும்?”

“அடுத்த வாரம்” என்றார் அவர். “நான் தொடாமயே இருந்திருக்கணும்மா. வெயில்ல நாலு நிமிஷமாவது பறந்துட்டு இருந்துச்சு. நான்தான் உன் கடையை மூடிட்டேன்.”

“விடுங்க. அங்கயும் பிள்ளைங்க இருக்கும், யூனிஃபார்மும் இருக்கும்” என்றாள் அவள். ஆனால் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சரியாகப் பத்து மணிக்கு மேனேஜரின் டிரைவர் வந்தார். மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “முடிஞ்சுதா சார்?” என்றார்.

“இல்ல” என்று சொல்லித் திருப்புளியார் பையை நீட்டினார். “ஐயாகிட்ட நானே வந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன். என்ன தண்டனைன்னாலும் சரி.”

டிரைவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். கையை விட்டுக் கிளறினார். கருகிய கன்ட்ரோலரை எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார்.

“வேலை முடிஞ்சிருந்தா மட்டும் இதைக் குடுக்கச் சொன்னாங்க ஐயா வீட்டம்மா. நல்லாவே முடிஞ்சிருக்கு சார்.”

கவருக்குள் மேனேஜரின் கையெழுத்தோடு ஆபீஸ் கடிதம் இருந்தது. மாற்றல் ரத்து. மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவை சத்தமாகப் படித்தாள்.

திருப்புளியாருக்கும் சந்தோஷம் பொங்கத்தான் செய்தது. ஆனால் தொழில் தர்மம் குறுக்கே நின்றது. கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி டிரைவரிடம் நீட்டினார்.

“இதை வாங்கிக்க எனக்கு யோக்கியதை இல்லப்பா. உங்கம்மா ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. இதுல ஒரு ஸ்க்ரூகூட இனிமே ஆகாது.”

“தப்பா எல்லாம் இல்ல சார், ஐயாகிட்டப் பேசிக் கையெழுத்து வாங்கினதே அம்மாதான்” என்றார் டிரைவர். “இந்த ஹெலிகாப்டரைத் தூக்கிட்டு வெயில்ல நின்னு நின்னு ஐயா மைதானத்துல ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டாரு. டாக்டர் சொல்லியும் கேக்கல, அம்மா அழுதும் கேக்கல.”

“ஐயோ பாவம். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

டிரைவர் பையைப் பத்திரமாகத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசற்படி இறங்கியபடியே சொன்னார்:

“ரிப்பேர் பண்ணக் குடுத்தா அந்தப் பொருள் ஜென்மத்துக்கும் திரும்ப ஓடக் கூடாது, அப்படி ஒரு கைராசிக்காரர் உங்க ஆபீஸ்ல யாராவது இருக்காங்களான்னு அம்மா விசாரிச்சாங்க சார், மொத்த ஆபீசும் உங்க ஒருத்தரைத்தான் கை காட்டுச்சு!”