நூர்தீனுக்கு மூளையில் பழுது

சிலாபம் டொக்டர் நூர்தீனுக்குச் செய்த உபகாரத்தைச் சொந்தபந்தம் யாரும் செய்ததில்லை. பதினொரு வருடமாக ஊர் சுமத்தியிருந்த பழியை அந்த மனுசர் ஏழு நிமிடத்தில் துடைத்துப் போட்டார்.

பழி இதுதான்: நூர்தீன் வாயைக் கட்டத் தெரியாதவர். ஒரு ஆள் நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்துவிட்டால் அவரைப் பற்றி யாரும் எதையும் பேசலாம் என்று முந்தல் சந்தியில் ஒரு சட்டம் இருந்தது. இறால் பண்ணைகளுக்குத் தீன் விற்கும் அவருடைய கடைக்கு வருகிறவன்கூட, "நானா, இறாலுக்கு அளந்து போடச் செல்றீங்க, ஒங்களுக்கு ஆர் அளக்கிற?" என்று கேட்டுவிட்டுத்தான் சாக்கைத் தூக்குவான். ஈர்க்கில் மாதிரி இருக்கும் தம்பி ஹில்மி பள்ளியில் பக்கத்தில் நின்று தொழுவான். தொழுது முடிந்து ஸலாம் கொடுத்த கையோடு, "நானா, என்ட எடத்துலயும் பாதிய எடுத்திட்டீங்க" என்பான். அல்லாஹ்வின் வீட்டில் வைத்துப் பேசுகிற பேச்சா இது? நூர்தீனுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றுக்கு எதையாவது போட வேண்டியிருந்தது.

இதெல்லாம் இன்றோடு முடிந்தது. முழங்கால் நோவுக்குக் கிளினிக் போனவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குள் வந்தார். கதிரை முனகியது. அவர் சட்டை செய்யவில்லை.

"ரிஃப்கா, இஞ்ச வா. இனி இந்த வீட்டுல என்ட சாப்பாட்டப் பத்தி ஒரு ஆள் வாய் தொறக்கப்படாது."

"டொக்டர் என்னவாம்?" என்று கேட்டாள் மனைவி.

"வகுத்துல ஒரு கொறயுமில்ல. வாயிலயும் இல்ல. பழுது மூளைல."

"மூளைலயா?"

"ஓம். தின்னக்குள்ள சந்தோசப்படுறதுக்கெண்டு மூளைல ஒரு எடம் இரிக்காம். ஒடம்பு பெருக்கப் பெருக்க அந்த எடம் மரத்துப் போகுமாம். கண்டா ஆசை ரெண்டு மடங்கு, திண்டா ருசி அரைவாசி. ஒரு துண்டு வட்டிலப்பத்துல ஒனக்கு வாற சந்தோசம் எனக்கு வரணுமெண்டா நான் ரெண்டு துண்டு தின்னணும். யோசிச்சிப் பாரு என்ட நிலமய. நான் ஒரு நோயாளி. என்னப் போய் இவ்வளவு காலமும் தீனிப் பண்டாரமெண்டு ஏசியிருக்கீங்க."

"மிச்சம் பாவந்தான். அப்ப மூளை சரியான ஆளுக்கு ஒரு துண்டு போதும்?"

"தாராளமாப் போதும்."

"கொறைக்கச் செல்லல்லையா?"

சொல்லியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் மரத்த இடம் மெல்ல மெல்ல உணர்வுக்கு வரும், பழைய ருசியும் திரும்பும் என்று டொக்டர் விளக்கியபோது நூர்தீன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் எல்லாருக்கும் செல்ற கதை," என்றார்.

"இத வெளில செல்லலாமா?"

"ஏன் செல்லப்படாது? நானே செல்றன்."

சொன்னார். கடையில் சொன்னார், பள்ளிவாசலில் சொன்னார், சலூனில் பாதித் தலையோடு எழுந்து நின்று சொன்னார். ஒரு கிழமை அவருக்குப் பொற்காலம். கொத்து ரொட்டி இரண்டு பார்சல் வந்தது. யாராவது முறைத்துப் பார்த்தால், "மூளைல பழுது" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிவிட்டு மற்றப் பார்சலைப் பிரித்தார். ரிஃப்கா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத பெண்சாதியைக் கண்டால் புத்தியுள்ள ஆண்பிள்ளை பயப்படுவான். நூர்தீன் சந்தோசப்பட்டார்.

ஆனால் ஊர்வாய் இருக்கிறதே, அது எதையும் முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்க்காது. முந்தல் சந்தியைத் தாண்டும்போது 'சந்தோசப்படுற எடம்' கழன்று விழுந்தது. வட்டிலப்பம் அடுத்த பஸ் ஹோல்டில் இறங்கிக்கொண்டது. அடுத்த ஊரான மதுரங்குளிக்குப் போய்ச் சேர்ந்தபோது நூர்தீனும் மூளையும் பழுதும் மட்டுமே மிஞ்சியிருந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு இப்றாஹிம் லெப்பை வந்தார். ஊரில் நிக்காஹ் பதிவு செய்கிறவர் அவர்தான். நூர்தீனின் ஒரே மகள் அமானிக்குத் திங்கட்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் தொண்ணூறில் மன்னாரை விட்டு வந்தவர்கள், யுத்தம் முடிந்து திரும்பிப் போய் வீடு கட்டியவர்கள். லெப்பைக்குப் பின்னால் ஹில்மியும் வந்தான். புதுச் சாரம், இஸ்திரி போட்ட சேர்ட், அத்தர் வாசனை.

லெப்பை கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

"வலி விசயமா வந்தன் நானா."

"அது இப்ப பரவாயில்ல. எண்ணெய் பூசினதுல முழங்கால் நல்லா மடங்குது."

லெப்பை ஹில்மியைப் பார்த்தார். ஹில்மி தலை குனிந்துகொண்டான்.

"முழங்கால் வலியில்ல நானா, நிக்காஹ்ட வலி. புள்ளயக் கைபுடிச்சிக் குடுக்கிற ஆள்."

"அது நான்தானே."

"இண்டைக்கி என்ன கெழம?"

"வெள்ளி. ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியுமாண்டுதான் கேட்ட." லெப்பை தொண்டையைச் செருமினார். "கோவிக்க வாணாம். மூளைல பழுது வந்த ஆள் வலியா நிக்கேலா. வாப்பாக்கு ஏலாட்டி வாப்பாட வாப்பா, அவர் மௌத்தாப் போயிட்டார். ஒங்களுக்கு ஆம்புளப் புள்ளயுமில்ல. அடுத்தது தம்பிதான்."

நூர்தீனுக்கு ரத்தம் தலைக்கேறியது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து தருகிறேன்" என்று சொல்வதற்காக மூன்று மாதமாகக் குளியலறையில் பழகிக்கொண்டிருந்தவர் அவர். ஒவ்வொரு தடவையும் 'என் மகளை' என்ற இடத்தில் நிறுத்தி முகத்தைக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அந்த இடத்தில் இந்த ஈர்க்கில் குந்தப்போகிறதா?

"எவன் சென்ன எனக்கு மூளைல பழுதெண்டு?"

"மூனு எடத்துல விசாரிச்சன். மூனு எடத்துலயும் நீங்கதான் சென்னதாம்."

"அது தின்ற மூளை, லெப்பை. நெனைக்கிற மூளையில்ல."

"ஒரு ஆளுக்கு எத்தின மூளை நானா?" என்று லெப்பை மிகவும் அன்பாகக் கேட்டார். பைத்தியக்காரனிடம் பேசுகிற அன்பு அது.

நூர்தீன் தம்பியின் பக்கம் திரும்பினார். "நீ என்னத்துக்கு உடுத்துக்கிட்டு வந்த?"

"மதினிதான் போன்ல கூப்பிட்டு வரச் சென்னா."

அந்த நேரம் பார்த்து ரிஃப்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். தட்டில் கருப்பட்டி போட்டு அவித்த வட்டிலப்பம், இரண்டு துண்டு. ஏலக்காய் மணம் விறாந்தை முழுக்கப் பரவியது. நூர்தீனின் கண் தானாக அங்கே போனது. ஆசை இரண்டு மடங்கு என்று டொக்டர் சொன்னது சின்னக் கணக்கு.

"வாய்ப் பேச்சு வாணாம் லெப்பை," என்றாள் ரிஃப்கா. "பழுது இரிக்கா இல்லையாண்டு எழுதி வாங்குங்க. பொறகு மாப்புள வீட்டுலயும் ஒரு கதை வரப்படாது."

பேனையும் தாளும் அவள் கையிலேயே இருந்தன.

அறைக் கதவுச் சீலை அசைந்தது. அமானி அங்கே நிற்கிறாள் என்று நூர்தீனுக்குத் தெரியும். அதற்கு மேல் அவரால் யோசிக்க முடியவில்லை. 'என் மூளையில் எந்தப் பழுதும் இல்லை, அது எல்லா வகையிலும் சரியாக வேலை செய்கிறது' என்று லெப்பை சொல்லச் சொல்ல எழுதினார். 'எல்லா வகையிலும்' என்பதை ரிஃப்கா சேர்க்கச் சொன்னாள். கையெழுத்து வைத்தார். சாட்சிக்கு ஹில்மி வைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் வைத்தான்.

"அல்ஹம்துலில்லாஹ். நீங்கதான் வலி," என்று லெப்பை எழுந்தார்.

நூர்தீன் பெருமூச்சு விட்டார். வென்றாயிற்று. வென்றவர் தட்டை இழுத்து முதல் துண்டை இரண்டு வாயில் முடித்தார். அடுத்ததுக்குக் கையை நீட்டினார். தட்டு நகர்ந்தது.

"மூளை பழுதான ஆளுக்குத்தான் ரெண்டு," என்றாள் ரிஃப்கா. "சரியான ஆளுக்கு ஒண்டு தாராளம். நீங்கதான் சென்ன."

"அது போன கெழம."

"இது இண்டைக்கி." தாளை மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கைபுடிச்சிக் குடுத்தாப் போதாது. மகள்ட புள்ளைக்கிப் பேர் வெக்கவும் நீங்க இரிக்கணும்."

அதற்குப் பதில் சொல்ல அவருக்கு நியாயங்கள் நிறைய இருந்தன. தனக்கு மூளை பழுதுதான் என்று அடித்துச் சொல்ல வாயைத் திறந்தார். இப்றாஹிம் லெப்பை படியில் நின்று இன்னும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நூர்தீன் வாயை மூடினார்.

இரண்டாம் துண்டு ஹில்மியின் கைக்குப் போனது. அவன் ஆற அமர மென்று விழுங்கினான்.

"நானா," என்றான், "ஒரு துண்டுலயே என்னா சந்தோசம்."