ஓர் அங்குலம் நகர்த்துபவர்

உலகில் 'ஓர் அங்குலம் நகர்த்துபவர்' என்றோர் இனம் உண்டு. அன்பு மிகுந்தவர், சூதறியாதவர், அதனாலேயே ஆபத்தானவர். குழந்தை ஒரு பொருளை நோக்கிக் கை நீட்டினால் போதும், அதைச் சற்றே, மிகச் சற்றே, குழந்தையின் பக்கம் தள்ளிவிடாமல் இவரால் மூச்சுவிட முடியாது.

ஆஸ்திரேலியாவின் டுவூம்பா நகரில் இவ்வினத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி, கூரைத் தகடு பொருத்தும் நெவில் பிரிட்சர்ட். மகள் வினிக்கு ஒன்றரை வயது. தசைகள் தளர்வானவை, வைத்த இடத்தில் மகாராணியாக வீற்றிருப்பாள், தவழ மாட்டாள். ஆகவே செவ்வாய்தோறும் சர்ச் மண்டபத்தில் விளையாட்டு. விளையாட்டா? பயிற்சி. அது வினிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இயன்முறை மருத்துவர் லோரைன், பந்தை அவள் கைக்குச் சற்றே எட்டாத தூரத்தில் வைப்பார். அந்த இடைவெளிதான் மருந்து. வாராவாரம் அந்த மருந்தைக் கொட்டிவிடுபவர்தான் நெவில்.

“நெவில், கால எடுங்க,” என்றார் லோரைன்.

“நான் தொடவே இல்லங்க. தரை சரிவா இருக்கு.”

“ஊருதான் மலை விளிம்புல இருக்கு, இந்த ஹால் இல்ல,” என்றாள் மனைவி கெர்ரி.

கையைக் கட்டச் சொன்னால் காலால் தள்ளினார். காலை மடக்கச் சொன்னால் வாயால் ஊதினார். வீட்டிலோ, வினி அமர்ந்திருந்த விரிப்பையே இழுத்து, “பாரு கெர்ரி, நகந்துட்டா!” என்று துள்ளினார். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அவரிடம் முறையான மறுப்பு உண்டு: தாம் நகர்த்தவில்லை, ஊக்குவித்தார். லோரைன் எடுத்த வீடியோ மட்டும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

சென்ற செவ்வாயன்று லோரைன் பொறுமையாகச் சொன்னார்: “நீங்க தள்ளிக் கொடுக்கிற வரைக்கும் அவ எதுக்குங்க தவழணும்? இப்ப விட்டா, பின்னால அவளுக்குத்தான் கஷ்டம்.”

நெவிலின் முகம் சுருங்கியது. “அவ முனகுறாளேங்க. எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிறது?”

“பாக்க வேணாம். குப்புறப் படுங்க. இன்னிக்கு நீங்கதான் மலை.”

படுத்தார். மலைக்கு இந்தப் பக்கம் வினி. அந்தப் பக்கம் அவள் உயிரையே வைத்திருக்கும் வண்டிச் சாவிக்கொத்து.

“மலை பேசலாமா?”

“கூடாது.”

“மெதுவா ஊதலாமா?”

“நெவ்!”

வினி மலையை அறைந்தாள். மலை அசையவில்லை. மூக்கு அரித்தது, மலை சொறியவில்லை. முனகினாள், மலையின் கண்ணில் ஊற்றெடுத்தது. அவ்வளவுதான், மகாராணிக்குக் கோபம் வந்தது. சட்டையைப் பற்றி, விலாவில் முழங்காலைக் குத்தி, முதுகின்மேல் வயிற்றைத் தேய்த்து, மறுபுறம் சரிந்து, இரு கைகளையும் ஊன்றி, ஒரு முழங்காலை முன்னே வைத்து, அடுத்ததையும் இழுத்து வைத்து, சாவிக்கொத்தை...

எடுத்துவிட்டாள் என்கிறீர்களா? பார்த்தீர்களா! என் வாக்கியம் சற்றே திணறியது. அதற்குள் நீங்களே முடித்துக் கொடுத்துவிட்டீர்கள். எடுத்தாள், மெய்தான். மலை எழுந்து அழுதபடியே ஆடியது. ஆனால் இனிமேல் உங்கள் கண்ணெதிரே ஒருவர் தட்டுத்தடுமாறி ஏதேனும் செய்துகொண்டிருந்தால், தயவுசெய்து, ஐயா, அம்மா, கொஞ்சம் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள்.