ஏழாம் சனலில் என் ராத்தாவின் நிக்காஹ்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின், என் ராத்தா (எங்கள் ஊரில் அக்காவுக்கு அந்தப் பெயர்) சிஹானா சுமார் நான்கு நிமிடம் முன்பின் தெரியாத ஒருவருக்கு மனைவியாக இருந்தாள். அதாவது, எங்கள் வீட்டில் கூடியிருந்த நாற்பது பெண்கள் அப்படித்தான் நம்பினார்கள். அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு வருடம் பிடித்தது. ஏனென்றால் நான் பிழை விட்டால் முதலில் வருவது கோபம். வெட்கம் பிறகு ஆறுதலாக வந்து சேரும்.

அப்போது நான் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன், மூன்றாம் வருடம். மின்காந்தப் புலங்களும் அலைப் பரவலும் என்றொரு பாடம். அதைப் படிப்பித்தவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகையோடுதான் கதைப்பார். மாறுகிற மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும், மாறுகிற காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இரண்டும் வெளியில் ஓடும், அதுதான் அலை. இதை நான்கு சமன்பாட்டில் எழுதிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். பருவம் முழுவதும் எங்கள் கையில் ஒரு அன்ரனாவை யாரும் தரவில்லை. (கேட்டேன். "அது அடுத்த வருசம்" என்றார். அடுத்த வருடம் ஆய்வுகூடப் பூட்டின் திறப்பைக் காணவில்லை.) எனக்கு அந்தப் பாடத்தில் ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் விளங்கிவிட்டது என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் சாய்ந்தமருதுப் பக்கம் வீடு பெண்ணுக்கு. வாப்பா பத்து வருடமாக மிச்சம் பிடித்துக் கட்டிய மாடி ராத்தாவுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவது எங்கள் வீட்டில், கலியாணச் சாப்பாடு எங்கள் வீட்டில். நிக்காஹ் மட்டும் பள்ளிவாசலில், ஆண்களுக்கு நடுவில். பெண்ணுக்காக வாப்பா கதைப்பார், வாப்பாவே கையெழுத்து வைப்பார். யாருக்குக் கலியாணமோ அவள் மருதோண்டிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் ஓடிவந்து "முடிஞ்சிட்டு" என்று சொல்லும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டும். இது எனக்கு அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம்.

ராத்தா கோபக்காரி இல்லை. அவளுக்கும் சேர்த்து நான் கோபப்படுவதால் அவளுக்கு அந்தத் தேவை வரவில்லை. கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, உடுப்பு மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வேற ஒண்டும் வேணாம்டி. வாப்பா என்ட பேரச் செல்லிக் குடுக்கிறத காதால சரி கேக்கணும்."

"அவ்வளவுதானே. நான் கேக்க வைக்கிறன்" என்றேன்.

மாமியின் மகன் பர்சான் பக்கத்தில் இருந்தான். "வட்ஸ்அப்ல ஒரு கோல் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டா முடிஞ்சே" என்றான்.

"அது இடையில கட்டாகும். நான் படிக்கிறவள், எனக்குச் செல்லித் தராத" என்று அவன்மீது பாய்ந்தேன். அவன் சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவர்களை நான் அந்தக் காலத்தில் மன்னிப்பதே இல்லை.

காரைதீவில் ஒரு அண்ணன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். அவரிடம் வயர் இல்லாத மைக் ஒன்றும் அதற்கான ரிசீவரும் எடுத்தேன். மைக்கை வாப்பாவின் சட்டையில் குத்துவது, ரிசீவரை வீட்டில் வைப்பது, பெண்கள் இருக்கிற அறையில் ஸ்பீக்கர். பள்ளிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் மூன்று வீடுதான். தரும்போது அந்த அண்ணன் தெளிவாகச் சொன்னார்: "தங்கச்சி, இதை மூண்டாம் சனல்ல வெச்சிருக்கன். அதில மட்டும் கை வெச்சிராதீங்க."

கை வைக்காதே என்று என்னிடம் சொன்னால் அது அழைப்பிதழ் மாதிரி. (உம்மா இதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து, அடுப்பைப் பற்றி என்னிடம் ஒன்றுமே சொல்வதில்லை.)

ஞாயிறு காலை சோதித்துப் பார்த்தேன். அவர் சொன்ன அலைவரிசையில், மூன்றாம் சனலில், ஒரே இரைச்சல். இடையில் மூன்று வீட்டின் கொங்கிறீட் சுவர்கள் அலையைக் குடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சனலாகத் தட்டிப் பார்த்தேன். ஏழாம் சனல் மற்றவற்றைவிடத் துப்புரவாக இருந்தது. மைக்கையும் ரிசீவரையும் ஏழுக்கு மாற்றினேன். அதோடு விட்டிருக்கலாம். உயரத்தில் வைத்தால் அலைக்குத் தடை குறையும் என்று படித்தது ஞாபகம் வந்தது. ரிசீவரை மாடியில், இன்னும் பூசாத சுவரின்மேல் ஏற்றி வைத்து, அங்கிருந்து கீழே அறைக்கு வயர் இழுத்தேன். மிச்சமிருந்த இரைச்சலும் போய்விட்டது. உயர்த்தியதே போதும், சனலை மாற்றியிருக்கவே தேவையில்லை. ஒரு பிழையோடு நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வெறும் வளவு, அதற்கு அங்கால் ஒரு வீடு. அன்று அஸருக்குப் பின் அங்கேயும் நிக்காஹ்; பள்ளியை நாங்கள் பிடித்துவிட்டதால் வீட்டு முற்றத்திலேயே. அந்த வீட்டார் மைக் செட் எடுத்ததும் அதே காரைதீவு அண்ணனிடம்தான். இரண்டும் மோதக்கூடாது என்று அந்த மனிதர் யோசித்து, எங்களுக்கு மூன்று, அவர்களுக்கு ஏழு என்று பிரித்துத் தந்திருந்தார். காலையில் ஏழு துப்புரவாக இருந்ததற்குக் காரணம், அவர்கள் இன்னும் மைக்கைப் போடவில்லை. மாடியில் நான் வைத்த ரிசீவருக்கும் அவர்களுடைய மைக்குக்கும் நடுவில் ஒரு மரம்கூட இல்லை.

ஒரே சனலில் இரண்டு அலை வந்தால், அந்தவகை ரிசீவர் பலமானதை மட்டும் பிடித்துக்கொள்ளும். பலம் குறைந்தது வந்த சுவடே தெரியாது. இது என் பாடக்குறிப்பில் இருந்தது. நான் அதற்குக் கீழே கோடுகூடப் போட்டிருந்தேன், சிவப்புப் பேனையால்.

அஸர் முடிந்தது. அறை நிறையப் பெண்கள். நடுவில் ராத்தா, அவளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் உம்மா, மருதமுனையில் இருந்து வந்து இறங்கிய களை தீராமல். ஸ்பீக்கரில் பிஸ்மில்லாஹ் கேட்டது. "மாஷா அல்லாஹ், பக்கத்தில இருந்து ஓதுற மாதிரி இரிக்கி" என்றார் சாச்சி, எங்கள் சின்னம்மா. நான் சுவரில் சாய்ந்துகொண்டு, பாராட்டுகளைப் பெற்றுக்கொள்ள வசதியாக முகத்தை வைத்திருந்தேன்.

ஓதல் முடிந்து ஒரு குரல் பெண்ணைப் பெயர் சொல்லிக் கொடுத்தது, இன்னொரு குரல், "ஏற்றுக்கொண்டேன்" என்றது. பெண்கள் எல்லோரும் குரவை போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் ராத்தா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அது வாப்பாட குரல் இல்லடி. செல்லினது என்ட பேரும் இல்ல."

குரவை அடங்கவும் ஸ்பீக்கரில் மௌலவி துஆ கேட்கவும் சரியாக இருந்தது. மணமகன் நிப்ராஸுக்கும் மணமகளுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக என்றார்.

மாப்பிள்ளையின் உம்மா மெதுவாகத் திரும்பி என் உம்மாவைப் பார்த்தார். "ஆருகா நிப்ராஸ்? என்ட மகன்ட பேர் அஸ்மீர்."

உம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ராத்தாவின் கண் நிறைந்துவிட்டது. அவள் வேறொருவருக்கு மனைவியாகிவிட்டோம் என்று பயப்படவில்லை. அந்த நேரம் பள்ளியில் வாப்பா அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார், அது இனிக் கிடைக்காது என்பதுதான் அவளுக்குக் கவலை. எனக்கு அது விளங்கியதும், ஒரே ஓட்டம். சனலை மாற்ற வேண்டும் என்றால் மைக் பள்ளியில், வாப்பாவின் சட்டையில். அதுவரை நிக்காஹை நிறுத்தியாக வேண்டும்.

பள்ளி வாசலில் போய் நின்று, உள்ளே பார்த்துக் கத்தினேன்: "நிப்பாட்டுங்க."

அறுபது ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை அஸ்மீர் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஓதி வைக்கிற மௌலவியின் முன் இருந்தார். கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார்.

"என்ன புள்ள?" என்றார் மௌலவி.

மூச்சு வாங்கியது. மைக், சனல், அலை என்று வரிசையாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "ராத்தாக்கு வேற ஒராளோட முடிஞ்சிட்டு."

பிறகு அங்கே நடந்ததை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்றார். வாப்பாவின் முகம் வெளிறியது, அப்புறம் சிவந்தது. "இல்ல, மைக்கில, சனல் ஏழில" என்று நான் திக்கத் திக்க, "இவளுக்குப் படிப்புத் தலைக்கேறிட்டு, வீட்ட வாறன், இரி" என்று வாப்பா போட்ட சத்தத்தில் பள்ளிப் புறாக்கள் பறந்தன. பெரியப்பா இன்னும் விடவில்லை. "பொண்ணுக்கு விருப்பமில்லாட்டி முதல்லயே செல்லியிரிக்கலாமே" என்றார். வாப்பா அவர் பக்கம் திரும்பி, "என்ட புள்ளட விருப்பத்தக் கேக்காம நான் குடுக்க வருவனா? அவள் எனக்கு ஆடா மாடா?" என்றார்.

இதற்குள் பின்வீட்டில் நிக்காஹ் முடிந்து மைக்கை நிறுத்திவிட்டார்கள். ஏழாம் சனல் காலி. வாப்பாவின் சட்டையில் குத்தியிருந்த மைக், என் முதல் மூச்சிரைப்பில் இருந்து கடைசி ஏச்சுவரை, ஓர் எழுத்து விடாமல் வீட்டில் நாற்பது பெண்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்று என் ஒலிபரப்பு வேலை செய்தது அந்த ஒரு தடவைதான்.

மௌலவி கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: "சந்தேகம் வந்திட்டு. இனிப் பொண்ணுட வாயால கேக்காம நான் ஓதி வைக்க மாட்டன்."

அறுபது பேரும் எழுந்து, செருப்புத் தேடி, மாப்பிள்ளையையும் பதிவுப் புத்தகத்தையும் நடுவில் விட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார்கள். தெருவே வேலிக்கு வந்து பார்த்தது. விறாந்தையில் பாய் விரித்தார்கள். அறைக்கதவை ஒரு கை அகலம் திறந்து, ராத்தாவை அதற்குப் பின்னால் இருத்தினார்கள்.

"மகள், இந்த மாப்பிள்ளைக்கு உங்களுக்குச் சம்மதமா?" என்று மௌலவி கேட்டார்.

பெண் பேசாமல் இருந்தால் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ராத்தா ஒருநாளும் ஆண்கள் சபையில் குரல் எழுப்பாதவள். கதவிடுக்கால் அவளுடைய குரல் வந்தது: "வாப்பா என்ட பேரச் செல்லிக் கேக்கட்டும். மறுகா செல்றன்."

பத்து நிமிடம் பள்ளி அதிரக் கத்திய மனிதர் கதவுக்குக் கிட்ட நகர்ந்தார். "சிஹானா மகள்" என்றார். நிறுத்தினார். திரும்பத் தொடங்கினார். "சிஹானா மகள், உங்கள அஸ்மீருக்குக் குடுக்கன். சம்மதமா?"

"ஓம் வாப்பா."

அதற்குப் பிறகு சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவள் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டாள். எனக்குத்தான் பாதியும் கேட்கவில்லை. மாடிக்குப் போய் அந்தச் சனியன் பிடித்த வயரைச் சுருட்டும்படி உம்மா என்னை ஏற்கனவே துரத்திவிட்டிருந்தார்.

அந்தப் பாடத்தில் எனக்கு மறுபரீட்சை வந்தது. அதில் அலைகளின் குறுக்கீடு பற்றி உதாரணத்தோடு விளக்கச் சொல்லியிருந்தார்கள். கை வலிக்கும்வரை எழுதினேன். அஸ்மீர் மச்சான் நல்லவர். ராத்தாவோடு கோபித்துக்கொண்டால் மட்டும், "போய் நிப்ராஸோட இரிங்க" என்பார். அவள் உடனே சிரித்துவிடுவாள். எனக்குத்தான் இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு நிக்காஹும் பள்ளியில் நடக்கவில்லை. விறாந்தையில் பாய், கதவுக்குப் பின்னால் பெண். போன மாதம் சாச்சியின் மகளுக்கு. மாப்பிள்ளை வீட்டார், பள்ளியில் வைத்துவிட்டுப் பெண்களுக்கு மைக்கில் விடலாமே என்று கேட்டார்கள். வாப்பா கையை விரித்தார்.

"அது சரிவராது. அந்த அலை எப்படிப் போகும், எங்க போகும் எண்டு ஆருக்கும் தெரியாது. என்ட மகள் இஞ்சினியர். அவளாலேயே ஏலாமப் போன வேல."

சபை என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அலை எப்படிப் போகும், எங்கே போகும் என்று எனக்கு இப்போது துல்லியமாகத் தெரியும். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். வாய்வரை வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு, "ஓம், கஷ்டமான வேல" என்றேன். நிக்காஹ் அன்றைக்குப் போய், சாச்சியின் மகளுக்கு அந்தக் கதவை இன்னும் ஒரு கை அகலம் திறந்து வைத்தேன்.