சாமுண்டி படத்துக்குப் பக்கத்தில் ஒரு லைசென்ஸ்

எங்கள் வீட்டில் எதையும் பிரேம் போடும் அதிகாரம் எனக்குக் கிடையாது. (கார் ஓட்டலாம், பேங்க் லாக்கர் திறக்கலாம், பிரேம் கடைப் பக்கம் மட்டும் போகக்கூடாது.) இருபத்தைந்து வருடமாகக் கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பவளுக்கு ஏன் இப்படி ஒரு தடை என்றால், என் முதல் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1999. மைசூரில் ஒரு சின்ன ஊதுபத்திக் கம்பெனி. முதலாளி மாதப்பன், கொள்ளேகால்காரர். ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டிலும் சிவப்பு விளக்கு எரிந்தால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதை வாங்கினாலும் அதன் நம்பரைச் சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். ஸ்கூட்டர் நம்பர், ஃபேன் நம்பர், கைக்கடிகாரத்தின் முதுகில் இருக்கும் நம்பர், ஒன்றையும் விடமாட்டார்.

"கம்ப்யூட்டர்ல என்னம்மிணி தெரியும்?" என்று இன்டர்வியூவில் கேட்டார்.

"எல்லாம் தெரியும் சார்."

(படித்த சென்டரில் ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர். மவுஸ் என் கைக்கு வருவது வாரத்தில் ஒருநாள்.)

"சரி, மூணு மாசம் பாக்கலாம். ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். திருட்டுச் சாமான் நம்ம ஆபீசுக்குள்ள வந்துச்சுன்னா, நீ வெளிய."

எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் வேலைக்குப் போன முதல் பெண் நான். அப்பா பால்காரர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். அந்த மூன்று மாதத்தைத் தாண்டாவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

அப்போதெல்லாம் மைசூரில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் யாரிடமாவது சி.டி. இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வதுதான். மாதப்பன் மட்டும் முழுப் பணம் கொடுத்து பெங்களூரிலிருந்து அசலை வரவழைத்து, கொண்டுவந்த ஆளையே கம்ப்யூட்டரில் போட்டுத்தரச் சொன்னார். அதோடு லைசென்ஸ் என்று பளபளவென ஒரு சான்றிதழும் வந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதுக்கு பிரேம் போட்டுட்டு வா அம்மிணி. சாமுண்டி படத்துப் பக்கத்துல மாட்டோணும். அதே சைசுல இருக்கட்டும்."

மார்க்கெட் சந்தில் பிரேம் கடைக்காரர் அளந்து பார்த்துவிட்டு, "மேடம், கீழ ஸ்வல்ப உத்த இதே. நீளமா இருக்கு, என்ன மாடோது?" என்றார். குனிந்து பார்த்தேன். கீழே பொடி எழுத்தில் ஏதோ ஒரு நீளமான நம்பர். எல்லாம் தெரிந்தவள் அல்லவா?

"கட் மாடி," என்று அவர் கன்னடத்திலேயே வெட்டச் சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்தது இது. அன்று முதல் அந்த லைசென்சுக்குத் தினமும் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை மல்லிகைச் சரம். நானும் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

மூன்றாவது மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது புதுக் கம்ப்யூட்டர் வந்தது. ரெண்டாயிரம் பிறந்தால் பழையதற்குப் பைத்தியம் பிடிக்கும் என்று எவனோ மாதப்பனைப் பயமுறுத்தியிருந்தான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அது. மறுநாள் காலை பத்து மணிக்குப் பூஜை. பொட்டு வைத்துவிட்டால் விஜயதசமி வரை எந்த மெஷினையும் தொடக்கூடாது. லாரியோ அன்று சாயங்காலமே சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்புகிறது. பெட்டிகளில் ஒட்ட வேண்டிய லேபிள் ஒன்றுகூட அச்சாகவில்லை.

"லைசென்சைப் புதுசுக்கு மாத்தி, இன்னிக்கே லேபிளை எடுத்துரு," என்று சொல்லிவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போனார்.

சி.டி.யோடு வந்த லைசென்ஸ் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தேன். (உலகத்திலேயே அதை முழுதாகப் படித்த ஒரே ஜீவன் நானாகத்தான் இருக்கும்.) ஒரு நேரத்தில் ஒரு மெஷினில்தான் இருக்கலாம், மாற்றுவதானால் பழையதிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஒரே உறையில் இரண்டு கத்தி கூடாது! ஃபைல்களை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டேன். பழைய கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்தேன். ஒரு குற்றவாளிகூட இவ்வளவு சுத்தமாகத் தடயத்தை அழித்திருக்க மாட்டான். பிறகு புதியதில் சி.டி.யைப் போட்டேன். பாதி ஓடி நின்றது. ஐந்து கட்டங்களைக் காட்டி, சான்றிதழில் உள்ள நம்பரை இடச் சொன்னது.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். சான்றிதழ் இருந்தது, சந்தனப் பொட்டு இருந்தது, நம்பர் இல்லை. கட் மாடி என்று நான் சொன்னது என் காதிலேயே கேட்டது. பழையதும் போச்சு, புதியதும் வரவில்லை. சென்டர் தோழி ஒருத்தியிடம் திருட்டு சி.டி. இருக்கிறது, அது உள்ளே வந்தால் நான் வெளியே. வராவிட்டாலும் நான் வெளியேதான்.

ஆட்டோ பிடித்து பிரேம் கடைக்கு ஓடினேன். தசரா கூட்டத்தில் ஆட்டோ நகரவே இல்லை. பாதியில் இறங்கி ஓடினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லைசென்ஸ் பேப்பரை யாராச்சும் வெட்டுவாங்களா மேடம்? நீங்க சொன்னீங்க, நான் கேக்கலை. மடிச்சு உள்ளே ஒட்டியிருக்கேன்."

அவர் காலில் விழாத குறைதான். திரும்பி வந்து ஸ்டூலில் ஏறி பிரேமைக் கழற்றினேன். பதற்றத்தில் கைநழுவியது. கண்ணாடி சில்லுச் சில்லாகப் போனது. பேக்கிங் ஹாலிலிருந்து ஜெயம்மாக்கா ஓடிவந்து, "ஐயய்யோ! நாளைக்குப் பூஜையை வெச்சுக்கிட்டு சாமியை உடைச்சிட்டியேடி!" என்று நெஞ்சில் கைவைத்தார்.

"சாமி இல்லக்கா, லைசென்ஸு."

"ரெண்டுக்கும்தான் பூ போட்டோம்?"

பிரேமைத் திருப்பினேன். மடித்த பகுதியை மைதாப் பசை போட்டு அட்டையோடு ஒட்டியிருந்தார் அந்த மகராசன். பிய்த்தால் கிழியும். தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்களே, அந்த யோசனை வந்தது. ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன்.

பசை இளகியது உண்மை. அதோடு மையும் இளகியது. நகத்தால் சுரண்டினேன். காகிதம் உருண்டு உருண்டு உப்புமா மாதிரி வந்தது. முதல் நாலு எழுத்து பிழைத்தது. மீதியெல்லாம் நீல நிறத்தில் என் விரலில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாதப்பன் பூசணிக்காயோடு உள்ளே வந்தார். சாமுண்டிக்குப் பக்கத்தில் வெறும் ஆணி. தரையில் கண்ணாடி. மேஜையில் அவருடைய லைசென்ஸ், ஊறிய நிலையில்.

"ஏனம்மிணி... என்னாச்சு?"

அழுதுவிட்டேன். கட் மாடி சொன்னது, எல்லாம் தெரியும் என்று புளுகியது, மவுஸ் வாரத்துக்கு ஒருநாள் கிடைத்தது உட்பட எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒப்பித்தேன். "வேலையை விட்டு நின்னுக்கறேன் சார், அப்பாகிட்ட மட்டும் நீங்க சொல்லிருங்க," என்றேன். ஜெயம்மாக்காவும் கூட அழுதார்.

மாதப்பன் பூசணிக்காயை மெதுவாகக் கீழே வைத்தார். சட்டைப்பையில் கைவிட்டு நோட்டை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். ஃபேனுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே, பிள்ளையார் சுழி போட்டு, ஐந்து ஐந்தாக அழகாக எழுதியிருந்தது.

"நம்பர்தானே? வந்த அன்னிக்கே எழுதி வெச்சனே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

தெரியாது என்று சொல்லப் பயந்துதானே இத்தனையும்? அவர் வாசிக்க, நான் தட்டினேன். இரண்டு முறை தப்பாகி, மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. லேபிள் அச்சானது, லாரி கிளம்பியது. மறுநாள் பூஜையில் புதுக் கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, "இதுக்கு எல்லாம் தெரியுமாமா, இல்ல கேட்டுக்குமாமா?" என்றார் மாதப்பன். ஹாலே சிரித்தது. வேலை நிரந்தரமானது, அங்கே ஆறு வருடம் இருந்தேன்.

ஜெயம்மாக்கா புண்ணியத்தில் கதை குவார்ட்டர்ஸ் முழுக்கப் பரவி, பெண் பார்க்க வந்தவர் வீடு வரைக்கும் போனது. அந்த மனிதர் அப்படியும் என்னைக் கட்டிக்கொண்டார். எங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழை ஹாலில் மாட்டலாம் என்று இருபது வருடமாகக் கேட்கிறேன். பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்கிறார்.

"வேண்டாம் தாயே. அதுல கீழே இருக்கறது என் பேரு."