எதிர்க்கடை மான்

வாழைப்பழத்தைச் சாரன் மடியில் சொருகிக்கொண்டு ஸெய்னுதீன் மறுபடியும் வீதியைக் கடந்தார். துறைமுக வீதியில் அவருடைய தேத்தண்ணிக் கடைக்கு நேரெதிரே சிவரூபனின் தேத்தண்ணிக் கடை. அதன் வாசலில் நின்றது அவருடைய மான்.

அவருடைய மான் என்று சட்டம் சொல்லாது. திருகோணமலையில் மான்கள் மாடுகளைப் போல ஊருக்குள் திரியும், யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் இந்தப் பெட்டை மான் அவர் கையால் தின்று வளர்ந்தது. அதைப் பார்க்க வரும் சனம் அப்படியே ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போகும். கடை ஓடியதே அதனால்தான்.

ஒருநாள் தாளுக்குச் சில்லறை மாற்றச் சிவரூபனிடம் போனவர் திரும்பிப் பார்த்தால், மான் அங்கே வாசலில் நிற்கிறது. கூட்டிக்கொண்டு போகலாம் என்று ஒரு பழத்தை நீட்டினார். அது தின்றுவிட்டு, அடுத்ததற்கு அவர் கையைப் பார்த்தது.

மறுநாளே உளவு வேலை தொடங்கிவிட்டது. சிவரூபன் அப்படி என்னதான் போடுகிறான் என்று பார்க்க, பின்னேரம் முழுக்க அங்கே வாங்குப் பலகையில் குந்தியிருந்தார். பழம் எடுபடவில்லை என்று கரட் கொண்டுபோனார், பிறகு பேக்கரி பனிஸ். மான் அசைவேனா என்றது.

விலங்கியல் படிப்பிக்கும் வாடிக்கைக்காரர் ஒருவர் யோசனை சொன்னார். எப்போதும் கொடுத்தால் மதிக்காதாம், இடைக்கிடை கொடுக்க வேண்டுமாம். அப்படியே செய்தார். மான் இப்போது வாங்கை விட்டு நகரவே இல்லை. கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாத இடத்தில்தான் மனுசரும் கூடுதலாகக் காத்துக் கிடக்கிறோம், அந்த வாயில்லாச் சீவனைச் சொல்லி என்ன?

சனமும் எதிர்க்கடைக்கே மாறிவிட்டது. மனைவி றம்லா வீதியைக் கடந்து வந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்க, கடையில ஒரு குருவியும் இல்ல. நீங்களாவது வந்து இருங்க."

"மானை விட்டுட்டு எப்பிடி வாறது?"

அவள் திரும்பிப் போனாள். போகும்போது அவள் தோள் தளர்ந்திருந்ததைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான். மானத்தை விழுங்கிக்கொண்டு சிவரூபனிடம் போனார்.

"தம்பி, கேக்க வெக்கமாத்தான் இருக்கு. என்னத்தைக் குடுத்து இதை இஞ்ச வெச்சிருக்கிறீங்க?"

சிவரூபன் கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவரைப் பாவமாகப் பார்த்தான்.

"நான் அதுக்கு ஒரு பழத்தோல்கூடப் போட்டதில்ல, ஸெய்னுதீன் நானா. நீங்கள் இஞ்ச இல்லாத நேரம் அது இந்தப் பக்கம் எட்டியும் பாக்கிறேல்ல."