ஜப்பான் மாப்பிள்ளையும் கோபக்காரச் சாமிகளும்

தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்த பெரிய கண்ணுப் பையன் வாயைத் திறந்து ஏதோ சொன்னதும், அறையிலிருந்த அத்தனை தலைகளும் சந்திரமோகன் பக்கம் திரும்பின.

"என்னாங்க சொல்றான்?" என்று கேட்டார் கணபதி.

சந்திரமோகன் கையிலிருந்த வடையைப் பார்த்தான். வடையிடமிருந்து உதவி எதுவும் வரவில்லை.

வெலிமடையிலிருந்து நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு அவன் வந்தது பெண் பார்க்க. பெண் சுதர்ஷினி; நாலு வருடம் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் இருந்தவள் என்று தரகர் சொல்லியிருந்தார். அவளுடைய அப்பா கணபதிதான் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். "திருவிழா அன்னிக்கே வாங்க, சாமியையும் கும்பிட்டுப் பொண்ணையும் பாத்துரலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. தேர் நகரவில்லை. கூட்டம் கலைந்துவிடாமல் இருக்க, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஒரு சாமிப் படம் போடலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. பதுளை பஜாரில் கணபதியே வாங்கி வந்த டிவிடி. உறையில் கிரீடம் வைத்த கிழவர் ஒருவர், கையில் மின்னலோடு மேகத்தின் மேல் நின்றார். கமிட்டிக்கு அது போதுமாயிருந்தது. ஓடவிட்ட பிறகுதான் அது சித்திரப் படம் என்று தெரிந்தது.

"கடைக்காரன் ஜப்பான் படம்னுதான் சொன்னான். எந்த நாட்டுச் சாமியா இருந்தா என்னன்னு வாங்கிட்டேன்" என்றார் கணபதி. உடனே அவர் முகம் மலர்ந்தது. "நம்ம மாப்பிள்ளை மூணு வருசம் ஜப்பான்ல இருந்தவராச்சே. அவரு சொல்லட்டும்."

சந்திரமோகன் ஜப்பானைக் கண்ணால் கண்டதில்லை. அந்த மூன்று வருடமும் அவன் இருந்தது கொழும்பை அடுத்த பேலியகொடையில், ஜப்பானிலிருந்து வரும் பழைய வேன்களைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்கும் ஒரு யார்டில். "ஜப்பான் வேன் வேலை" என்றுதான் தரகர் இராசையாவிடம் சொன்னான். இராசையா வழியிலேயே வேனை இறக்கிவிட்டு, ஜப்பானை மட்டும் ஏற்றிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்திருந்தார். அப்போதே மறுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் சுதர்ஷினியின் போட்டோவைப் பார்த்துவிட்டான்.

இப்போது அவள் சன்னலோரம் மற்றப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். போட்டோவைவிட நேரில் இன்னும் அழகு; அவன் நிலைமை இன்னும் மோசம். அவனுக்கு உண்மையைச் சொல்லும் எண்ணமே அற்றுப்போனது.

படத்தில் பையனை ஒரு லொறி அடித்தது.

"லொறி அடிச்சிருச்சுங்க" என்றான். அதுவரைக்கும் எல்லோருக்குமே தெரிந்திருந்தது. அடுத்த காட்சியில் பையன் தங்கத் தூண்கள் நிறைந்த மண்டபத்தில் கண் விழித்தான். சுற்றிலும் உயரமான ஆசனங்களில் ஒளிவட்டத்தோடு ஆட்கள்.

"செத்து வேற உலகத்துக்கு வந்துட்டான். இவங்கெல்லாம் அந்த உலகத்துச் சாமிங்க."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உறையில் இருந்த கிழவர் எழுந்து பையனைப் பார்த்துக் கத்தினார். மின்னலையும் எறிந்தார்.

"சாமி ஏன் கோவிக்கிறாரு?" என்று கேட்டாள் கருப்பம்மா. சுதர்ஷினியின் அம்மா.

"நேர்த்தி வச்சிருக்கான். அதைச் செய்யாமலே செத்துட்டான். அதாங்க."

பூசாரிக்கு நிறைந்த திருப்தி. "எல்லாரும் கேட்டுக்குங்க" என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். கணபதி மாப்பிள்ளையின் தட்டில் இன்னொரு வடையை வைத்தார்.

அந்த நேரம் பார்த்துப் பையன் துள்ளி எழுந்து கிழவரின் நெஞ்சில் உதைத்தான். கிரீடம் படிக்கட்டில் உருண்டது.

"மாப்பிள்ளை" என்றார் பூசாரி, "திருவிழா அன்னிக்குச் சாமியை உதைக்கிற படமா?"

"அது சாமி இல்லீங்க. சாமி வேசம் போட்ட அசுரன்."

"இம்புட்டு நேரம் சாமின்னீங்க."

"பையனுக்கே இப்பத்தாங்க தெரிஞ்சிருக்கு."

சமாளித்துவிட்டோம் என்று மூச்சு விடுவதற்குள், கையில் தாமரையோடு ஓர் அம்மன் மேகத்திலிருந்து இறங்கினாள். பெண்கள் கை கூப்பினார்கள். அம்மன் தாமரையை எறிந்துவிட்டு வாளை உருவிப் பையனைத் துரத்தினாள். அவளுக்குப் பின்னால் மற்றச் சாமிகளும் துரத்தினார்கள்.

"அந்தம்மாவும் அசுரனா?" என்றாள் கருப்பம்மா வருத்தத்தோடு.

இத்தனை பேரையும் அசுரனாக்கினால் பூசாரி எழுந்து போய்விடுவார் என்று சந்திரமோகனுக்குத் தோன்றியது. "உண்மையில இவங்க யாருமே சாமி இல்லீங்க. கம்பனித் தொரைமாரு. மேல ஒக்காந்திருக்கிறதால நமக்குச் சாமி மாதிரி தெரியிறாங்க. பையன் தொழிலாளி."

அறை விழித்துக்கொண்டது. பின்னாலிருந்து விசில் வந்தது. "போடு இன்னொண்ணு" என்றது ஒரு குரல்.

இருந்த ஒரே சாய்வு நாற்காலியில், துரைக்குத் தோட்டக் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர் தர்மராசா உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். யாழ்ப்பாணத்துக்காரர். தொலைக்காட்சி அவருடையது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"தம்பி, அந்தக் கிழவனுக்குப் பக்கத்தில கண்ணாடியோட நிக்கிற மெலிஞ்ச ஆள் ஆர்?"

அப்படி ஒரு சாமி நின்றது உண்மைதான். சந்திரமோகன் பதில் தேடுவதற்குள் பையன் அந்த மெலிந்த சாமியைத் தூக்கித் தூணில் அடித்தான். விசில் பறந்தது.

"என்ர டீவியில என்னையே அடிக்கிறியளோ?" என்றபடி தர்மராசா எழுந்தார்.

"இல்லீங்க சேர், தப்பாச் சொல்லிட்டேன். இவங்க சங்கத்துத் தலைவருங்க. சந்தாவை வாங்கிட்டுப் பையனைக் கைவிட்டுட்டாங்க."

"அப்ப சரி" என்று தர்மராசா உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்புக்கூட வந்தது.

கணபதி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் தட்டிலிருந்த வடையையும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "சங்கத் தலைவரா?"

சன்னலோரம் சுதர்ஷினி சிரித்தாள். சந்திரமோகன் அப்போதுதான் கவனித்தான்: அவன் வாயைத் திறக்கும் முன்பே, படத்தில் யாராவது பேசும்போதெல்லாம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் முழியைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தான்.

"மாமா, பொறுங்க" என்றான். அவரை மாமா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. "கடைசியா இப்பத்தான் விசயத்தைச் சொல்றாங்க. இவங்க பொண்ணு வீட்டுக்காரங்க."

"எந்தப் பொண்ணு?"

நல்ல காலம், படத்தில் ஓர் இளவரசி வந்தாள்.

"இந்தப் பொண்ணு. பையனுக்குக் கட்டிக் குடுக்க மாட்டேங்கிறாங்க. அதுக்குத்தான் இவ்வளவு சண்டையும்."

எல்லோருக்கும் நிம்மதி. பூசாரிக்கு அதில் மறுப்பில்லை, கிளாக்கருக்கு இல்லை, சங்கத்துக்கும் இல்லை. பெண்கள் பாயை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"ஏனாம்? பையன் நல்லாத்தானே இருக்கான்" என்றாள் கருப்பம்மா.

படத்தில் கிழவர் விரலை நீட்டி நீளமாக ஏதோ சொன்னார். பையன் தலையைத் தொங்கப் போட்டான். பெரிய கண்ணிலிருந்து அதைவிடப் பெரிய சொட்டு ஒன்று விழுந்தது. அறை முழுவதும் சந்திரமோகனின் வாயையே பார்த்தது. இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. நாக்கு தன் பாட்டுக்கு நகர்ந்தது.

"வெளிநாட்டுல இருந்தேன்னு பொய் சொல்லிட்டானாம்."

கருப்பம்மா கன்னத்தில் கை வைத்தாள்.

"அப்ப தொரத்துனது சரிதான்" என்றார் கணபதி. "இருந்த எடத்தை மறைச்சுக் கல்யாணம் பேசுறவன் மனுசனா?" சொல்லிவிட்டு ஏனோ இருமினார். கருப்பம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

சட்டென்று தொலைக்காட்சி இருண்டது.

"கரண்ட் போயிருச்சு" என்றார் யாரோ. மேலே பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சுதர்ஷினி கையிலிருந்த பிளக்கை மெதுவாகச் சன்னல் கட்டையில் வைப்பதைச் சந்திரமோகன் மட்டும் கண்டான்.

மழை விட்டது. கூட்டம் தேரை இழுக்க ஓடியது. "நீங்க ரெண்டு பேரும் வேணும்னா ரெண்டு வார்த்தை பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கணபதியும் போனார்.

வாசலில் இருவரும் நின்றார்கள். கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பிறகு, இந்தப் பெண்ணிடமாவது பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. நான் ஜப்பான்ல…"

"இருக்கல. தெரியும்."

"எப்படிங்க?"

"கிழவரு கடைசியாச் சொன்னது, 'இந்த உலகத்துல ஒனக்கு எடமில்ல, அழாம வீட்டுக்குப் போ'ன்னு. நீங்க சொன்ன கதைதான் நல்லா இருந்துச்சு."

சந்திரமோகன் அவளையே பார்த்தான். "ஒங்களுக்கு ஜப்பான் பாசை தெரியுமா?"

தேர் வடத்தைப் பிடித்திருந்த அப்பாவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, சுதர்ஷினி குரலைத் தாழ்த்தினாள்.

"படந்தான் ஜப்பான். அதுல பேசுனது அரபுப் பாசைங்க. நான் கார்மெண்ட்ஸ்ல இருந்ததா அப்பா ஒங்க தரகர்கிட்ட சொன்ன நாலு வருசமும் நான் இருந்தது குவைத்துல."